ஒரு சீப்பு மலைவாழை

வியாழன், இரவு.

நேற்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதிக்கவே இல்லை. வீடு திரும்பும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில் சிக்னல் கிடைத்ததும் எல்லோருக்கும் 'எழுத்து தெரியும்' என்று போனில் துறையின் செயலியில் பதிந்துவிட்டேன். கோமதிக்கு 'அ' கூடத் தெரியாது. தெரியாது என்று போட்டால் தினமும் பள்ளி விட்டபின் அவளோடு தனியாக உட்கார வேண்டும். பஸ் போய்விடும்.

இன்று பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வாசித்தார்கள். சாயங்காலம் கோமதியின் அம்மா ஒரு சீப்பு மலைவாழையோடு வந்தார்.

"எம்புள்ளைக்கு எழுத்தெல்லாம் வந்துருச்சுங்க டீச்சர்! எனக்குத்தான் வரல. நீங்க நல்லா இருக்கோணுங்க."

வாங்கிக்கொண்டேன்.

அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி கோமதி என்னையே பார்த்தாள். நான் சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். அவள் சொல்லிவிடுவாளோ என்று எனக்கு.