களுத்துறைப் பாலத்தில் கண்டது

களுத்துறை, 1938

என் பிள்ளைகளின் தாய்க்கு,

மூத்தவளை நான் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லி நீர் அடித்த தந்தி கிடைத்ததும் கொட்டாஞ்சேனைக் கடையைப் பூட்டிவிட்டுக் காலி ரயிலில் ஏறினேன். அவளோ, தன்னோடு படிப்பிக்கும் இரண்டு டீச்சர்மாருடன் விடியவே வெள்ளவத்தையிலிருந்து மாத்தறைக்குச் சைக்கிளில் புறப்பட்டிருந்தாள். களுத்துறையில் மறித்து, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் யாழ்ப்பாணம் அனுப்பலாம் என்றுதான் போனேன்.

களுத்துறை ஆற்றை ரயில் கடக்கும்போது, பக்கத்துத் தெருப் பாலத்தில் அவர்களைக் கண்டேன். கடற்காற்று ஆளைத் தள்ளுகிறது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னுக்கு மிதித்து வந்தவள் எங்கள் பிள்ளை. ரயிலோடு போட்டி போட்டு, மணியடித்துச் சிரித்தாள். பெட்டியில் இருந்த சனம் எழும்பிக் கைதட்டியது. மூட்டையைப் பார்த்தே எடை சொல்கிறவன் நான். பெற்ற பிள்ளையை இன்றைக்குத்தான் முதன்முதல் காண்பதுபோல ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

ஸ்டேஷன் வாசலில் மறித்தேன்.

"ஐயா! அம்மாவே உங்களை அனுப்பினவ?"

"ஓம்."

"அப்ப கூட்டிக்கொண்டு போங்கோ. சைக்கிளை ஆர் மிதிக்கிறது, நீங்களோ?"

டீச்சர்மார் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

இளநீர் வாங்கிக் கொடுத்துப் பேசி முடித்தது இதுதான்: அவள் மாத்தறை போய்விட்டு, வெள்ளிக்கு முன் ரயிலில் வந்து, நீர் எடுத்துத் தரும் சேலையில் மாப்பிள்ளை வீட்டார் முன் இருப்பாள். சைக்கிளும் அதே ரயிலில் வரும். அதை வீட்டு வாசலில், அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்துவது என் பொறுப்பு.

உமது வீட்டுக்காரன்