சங்கு ஊதினால் வாலாட்டும் கங்காணியம்மா

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம், மழை வந்தால் முழங்கால் மட்டும் முனகுகிறது. டப்ளின் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நம் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் துணையிருக்கட்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று பதறாதே. இந்த விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, பாதியில் லைன் வேறு அறுந்து போகும்.

போன வாரம் நீ என்னிடம் கோபித்துக்கொண்டாய். சாகப்போகிற நாயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அதற்கு மருந்து கொடுப்பதே பிழைப்பாகப் போயிற்று, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டு இங்கே வந்து சேருங்கள் என்றாய். உன் கோபம் நியாயம்தான் அம்மா. நான் நாய் தேடிப் போகவே இல்லை. பிரிஞ்சாங்கில் நவமணி டீச்சர், கைவிட்ட நாய்களை வீட்டுக்குப் பின்னால் வைத்துப் பார்க்கிறாரே, அவர் வீட்டுக் கூரைத் தகரத்தைச் சரிசெய்யப் போனேன். வருகிறவர்கள் எல்லாரும் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக, இது மட்டும் ஒரு மூலையில் யாரையும் எதிர்பார்க்காமல் படுத்திருந்தது. திரிங்காப் பக்கம் மூடிப்போன ஒரு காய்கறித் தோட்டத்தில் சங்கிலியோடு விட்டுப்போன நாயாம், கழுத்தைச் சுற்றி முடியே இல்லை. "வயசான நாய்லா அங்கிள், சீக்கு வேற, உங்களுக்கு வேணாம்" என்றார் டீச்சர். அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, அன்றைக்கே மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கம்பளியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் என்ன வேலை செய்தாலும் மேற்பார்வை பார்ப்பதுபோலப் பின்னாலேயே வந்து நிற்பதால் கங்காணியம்மா என்று பெயர் வைத்தேன். இருதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது, இடுப்பு சரியில்லை, கண்ணில் எந்நேரமும் பீளை. மாத்திரையை அவித்த முட்டைக்குள் ஒளித்து வைத்தால் முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை என் காலடியில் துப்பிவிடும், அவ்வளவு கெட்டிக்காரி.

இனிமேல்தான் விஷயம். சாயங்காலம் தேயிலை மில்லில் சங்கு ஊதியதும் எங்கே படுத்திருந்தாலும் தட்டுத்தடுமாறி எழுந்து பின்கதவுக்குப் போகும். அங்கே யாரும் இல்லை யுவனா. அம்மா இருந்தபோது வேலை முடிந்து வந்து நின்று காலில் ஒட்டிய அட்டையைத் தட்டிவிடுவாளே, அந்த இடம்தான். அதைப் பார்த்து வாலை ஆட்டும், பிறகு தலையை மெல்லத் திருப்பி, யாரோ நடந்து போவதைப் பார்ப்பதுபோல அடுப்பு வரைக்கும் பார்க்கும். முதல் நாள் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்தடுத்த நாள் பயம் போய், சங்கு எப்போது ஊதும் என்று நானே காத்திருக்க ஆரம்பித்தேன்.

நாயின் கண் பீளையை நம் கண்ணில் தடவினால் அது பார்ப்பது நமக்கும் தெரியும் என்று தோட்டத்தில் சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். ஒரு நாள் அதன் கண்ணை நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சங்கு ஊதிவிட்டது. சிரிக்காதே, தடவிக்கொண்டேன். கண்ணை அகலத் திறந்து பார்த்தால் கதவும் வெளியே மூடுபனியும்தான். மறுநாள் இரண்டு கண்ணும் சிவந்து வீங்கி, கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி என்ன அங்கிள் என்று கேட்க, தூசி விழுந்தது என்று சமாளித்தேன். அதற்குள் இதற்கும் இருமல் அதிகமாகி ஈப்போவில் மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு இரண்டு கண்ணும் தெரியாது, பார்வை போய் ரொம்ப காலம் ஆகியிருக்கும் என்றார். அதோடு, மூச்சுக்கு ரொம்பத் தவித்தால் ஊசி போட்டுவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். குருட்டு நாயின் பீளையைத் தடவிய என் முட்டாள்தனத்தை நினைத்து வழியெல்லாம் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணே தெரியாத நாய் யாரைப் பார்த்து வாலாட்டுகிறது? இது போய்விட்டால் அம்மா வந்திருக்கிறாள் என்று எனக்கு யார் சொல்வார்கள்? நீ ஊசி என்றதும் நான் போனை வைத்தது இதனால்தான்.

நேற்று அம்மாக்கண்ணு கீரை கொடுக்க வந்தாள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து வெட்டினவள், உனக்குத் தெரியும். நாயைப் பார்த்ததும் கீரையைக் கீழே போட்டுவிட்டாள். "அண்ணே, இது நம்ம சாரதா சோறு போட்ட நாய்லா! சங்கு ஊதுனா போதும், டின்ன தூக்கிட்டு வேலிக்கு ஓடிருவா" என்றாள். நம் மலைச் சரிவுக்குக் கீழேதான் அந்தக் காய்கறித் தோட்டம். அம்மா சாப்பாட்டு டின்னில் எப்போதும் கூடுதலாகச் சோறு கட்டுவாளே, இவ்வளவு தின்றும் உனக்கு உடம்பு தேறவில்லையே என்று நான் கேலி செய்வேனே, அந்தச் சோறுதான் யுவனா. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று நமக்குத் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் சங்கிலியில் கிடந்த இந்த நாய்க்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பின்கதவு ஆணியில் அம்மா கொழுந்து வெட்டும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் சாக்கு தொங்குகிறது. கருமாதிக்கு வந்தபோது நீ சேலைகளையெல்லாம் துவைத்து மடித்துத் தானம் கொடுத்தாய், சாக்கை யாரும் துணியாகவே நினைக்கவில்லை. நான் அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன், எனக்குப் பழைய கொழுந்து வாசனைதான் வந்தது. கங்காணியம்மாவிடம் நீட்டினேன், முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதது. நானும் அழுதேன். ஆனால் சங்கு ஊதியதும் அது அடுப்பு வரைக்கும் தலையைத் திருப்புகிறதே, சாக்கு ஆணியில்தானே இருக்கிறது? நான் இதைக் கேட்டதும் அம்மாக்கண்ணு சீக்கிரமாகவே கிளம்பிப் போய்விட்டாள்.

அது மூச்சுக்குத் தவிக்கிற அன்றைக்கு டாக்டருக்கு நானே சொல்வேன், வதைக்கமாட்டேன். அதுவரைக்கும் நான் எங்கும் வருவதாக இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு டியூட்டிக்குப் போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் வயிற்றில் இருக்கும் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நீங்கள் மூவரும் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. திவசத்துக்கு வந்ததும் நீ வழக்கம்போல வீட்டை அலசிக் கழுவுவாய். கழுவிக்கொள். அந்தச் சாக்கை மட்டும் துவைத்துவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லையா