உன் மனையை நான்தான் இடித்தேன்

தொண்டாமுத்தூர்,
புரட்டாசி 18, சனிக்கிழமை.

அன்புள்ள தேஜஸ்ரீ,

உன் உடம்பு தேவலையா, குவஹாத்திச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று எழுது. இங்கே நலம் என்று என்னால் எழுத முடியாது. இடது தோள் எலும்பில் விரிசல், கட்டுப் போட்டிருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் கண்ணு, மழைத் தண்ணீர் ஓடும் பள்ளத்து ஓரம் உன் பெயரில் வாங்கிய மூலை மனையைச் செவ்வாய்க்கிழமை நானே ஜேசிபி வைத்து உடைத்துவிட்டேன். சுற்றுச்சுவர், கேட், அம்மா வைத்த நெல்லிச் செடி எல்லாம் போயிற்று. போனில் சொன்னால் நீ ஏன் ஏன் என்பாய், நான் கத்துவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

லேஅவுட் அனுமதியில் இருந்த நிபந்தனை எனக்கு மனப்பாடம், வரைபடம் போட்ட இன்ஜினியர் நான்தானே. வெட்டிய மண்ணைப் பள்ளத்துக் கரையில் குவிக்கக் கூடாது, மழைக்கு முன் சரிவில் புல் பதிக்க வேண்டும், சேறு கீழே போகாமல் தேங்க ஒரு குழி வேண்டும். குழியை வெட்டி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, மறுநாளே மூடினோம். ஏனென்றால் குழி விழுந்த இடம் உன் மனை. வேறொருவன் மனை என்றால் மூட விட்டிருக்க மாட்டேன். நாலடி உயர்த்தினால் உனக்கு ஜன்னலில் மலை தெரியும் என்று மண்ணைக் கரைவரை கொட்டினேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்தது. பள்ளத்துத் தண்ணீர் நம் மேட்டில் முட்டித் திரும்பி, மண்ணை அறுத்துக்கொண்டு கீழே மைதீன் பிச்சையின் தென்னை நாற்றுப் பண்ணைக்குள் இறங்கியது. பண்ணை வீட்டுச் சுவர் விழுந்து அவர் மனைவி ஃபஹீமா இடுப்புவரை சேற்றில் புதைந்துவிட்டார். நான் ஓடியபோது மனிதர் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார், நகம் பெயர்ந்து ரத்தம். என்னைப் பார்த்ததும் "வாங்க இஞ்சினீரு, உங்கூட்டு மண்ணு எங்கூட்டுக்குள்ள வந்திருச்சுங்க, அள்ளிட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே நான் கொண்டுபோன மண்வெட்டியைப் பிடுங்கி என் தோளில் இறக்கினார். நானும் சும்மா இருக்கவில்லை, முகத்தில் குத்தினேன், பல் உடைந்தது. நாற்பத்திரண்டு வயதில் தெருப்பையன் மாதிரி கட்டிப் புரண்டேன். "ரெண்டு பேரும் அடிச்சுச் செத்துப்போங்க, என்னைய மொதல்ல தூக்குங்க" என்று ஃபஹீமா அலறிய பிறகுதான் விட்டோம்.

தண்ணீர் ஃபஹீமாவின் நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜேசிபி ஓட்டும் சென்னகிருஷ்ணனிடம் மேட்டை உடை என்றேன். "பாப்பா சைட்டுங்க சார், மொதலாளியக் கேக்காமத் தொட்டா எம்பொழப்பு போயிருமுங்க" என்றான். சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப்போட்டு, ஒற்றைக் கையால் நானே ஓட்டி உடைத்தேன். தண்ணீர் பழைய வழிக்குத் திரும்பியது. ஃபஹீமாவுக்கு உயிர் இருக்கிறது, சுவரில் நசுங்கிய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லேஅவுட் முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து, நூறு வருடம் காணாத மழை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் லைசென்ஸ் தப்பிக்கும் என்றார். போன வருடம் இதைவிட அதிகம் பெய்தது. குழியை மூடியதையும் போட்டோ விஷயத்தையும் எழுதித் தாசில்தாரிடம் கொடுத்துவிட்டேன். லைசென்ஸ் போகும், வழக்கு வரும், வரட்டும். அம்மா என்னோடு பேசுவதில்லை, சோறு மட்டும் போடுகிறாள்.

ஐப்பசி மழை இனிமேல்தான். நான் திறந்த வழியை மூடினால் அடுத்த சேறும் அதே வீட்டுக்குள்தான். முதலாளி உன்னைக் கூப்பிடுவார், புதுச் சுவர் சும்மா கட்டித் தருகிறேன், சரி என்று ஒரு வார்த்தை சொல்லும்மா என்று தேனாகப் பேசுவார். மனை உன்னுடையது, சொல்லும் உரிமை உனக்கு இருக்கிறது. இத்துடன் பவர் பத்திரம் வைத்திருக்கிறேன், மனையைப் பள்ளத்துக்கென ஊராட்சிக்கு உன் சார்பில் நான் எழுதிக் கொடுக்க. அங்கே சார்பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பு, தாமதம் கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகப் படி, உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நேற்று ஃபஹீமாவைப் பார்த்து, என் மகளுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க, அதுக்கு என்னங்க தெரியும்" என்றார்.

இப்போது உனக்குத் தெரியும்.

உன் அப்பா,
வெங்கடபதி