பாலிக் புலாவ் தோட்டம் குத்தகைக்குப் போனது

அன்பு மகள் மோனிக்காவுக்கு அம்மா எழுதுவது. மாதா துணையால், அப்பாவின் முட்டிவலியைத் தவிர, பினாங்கில் எல்லாரும் சுகம். மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா.

போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். பாலிக் புலாவ் டுரியான் பழத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். வேலைக்கிருந்த பங்களாதேஷ் ஆட்கள் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போனபிறகு அப்பா உள்ளூர் ஆள் தேடி அலைந்தார், மாதச் சம்பளம், இ.பி.எஃப்., ஞாயிறு லீவு எல்லாம் தருகிறேன் என்றும் பார்த்தார், வந்தவர்கள் கொசுக்கடிக்கே ஓடிவிட்டார்கள். நின்றவன் தேவகுமார் ஒருவன்தான். கெலுகோரிலிருந்து மோட்டாரில் வந்து ஆசையாக வேலை செய்தான், எந்த மரத்தில் நோய் கண்டாலும் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்புவான்.

அவனுக்கு நிபோங் திபாலில் கீர்த்திகா என்ற பெண்ணைப் பார்த்தார்கள், இருவருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாதான், "நாங்களே எஸ்டேட்ட விட்டு கஷ்டப்பட்டு வெளிய வந்தவங்க தம்பி, மறுபடியும் தோட்டத்துல வேல செய்றவனுக்கா பொண்ண குடுக்கறது, ஃபேக்டரில சேருங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டாராம். தேவா சேர்ந்துவிட்டான். சொல்லிக்கொள்ள வந்தபோது, "வேல பிடிக்காம போகல ஆன்ட்டி, நீங்களாச்சும் நம்புங்கலா" என்று கண்கலங்கினான். அப்பா கோபத்தில் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சீசன் தொடங்கியதும் உதிர்ந்த பழத்தை நாங்கள் இருவரும்தான் பொறுக்கினோம், மேட்டில் பாதிப் பழம் வெடித்து எறும்பு மொய்த்துக் கிடந்தது, அங்கேதான் அப்பா வழுக்கி விழுந்தார்.

பிறகு தேவா கல்யாணத்துக்குப் போனோம். பெண்ணின் அப்பாவுக்கு எங்களைத் தெரியாது, என்ன தொழில் என்று விசாரித்தார். டுரியான் தோட்டம் என்று அப்பா சொன்னதும், "சொந்தத் தோட்டமா, நல்ல பிஸ்னஸ் அண்ணே" என்று கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். காரில் வரும்போது, "சம்பளக்காரனாவே வெச்சிருந்தேன் ரோசம்மா, தோட்டத்துல ஒரு பங்கு குடுத்திருந்தா அந்த மனுஷன் அன்னைக்கே பொண்ண குடுத்திருப்பாரு" என்றார். மறுவாரமே தேவாவிடம் போய், பங்கு தருகிறேன், திரும்பி வா என்று கேட்டும் பார்த்தார். "நீங்க வந்து கேட்டதே பெருசு அங்கிள், ஆனா இப்ப வேலைய விடறேன்னு அவங்க வீட்டுல எப்படி சொல்றது" என்றானாம். அதற்குப் பிறகுதான் குத்தகை. எடுத்தவரும் இன்னும் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

உடம்பைக் கவனித்துக்கொள், ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். போன் செய்தால் அப்பாவிடம் சீசன் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதே. வீட்டில் பழம் இருக்கிறது என்று சொல்லுவார், அது பசாரில் வாங்கி வந்தது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ரோசம்மா