பேய் வாசல்

செப்டம்பர் 14
இன்று சோற்றுக்கு உட்கார்ந்தவர்கள்: நான், பேத்தி குந்தியா, அவள் புருஷன் விராக், அவனைப் பெற்ற சாவோன். பின்னால் ஒருவரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

குந்தியாவுக்கு வலி எடுத்தால் எந்த வாசலால் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பேச்சு. பழைய கல் கோட்டையைக் கடந்தால்தான் டவுன். தெற்கு வாசலில் கல் பெயர்ந்து, சாரம் கட்டி அடைத்துவிட்டார்கள். வெற்றி வாசல் பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது. பக்கம் என்றால் கிழக்கே இருக்கிற பேய் வாசல்தான்.

சாவோன் பிடித்துக்கொண்டாள். பிள்ளைத்தாச்சியை அந்தப் பெயருள்ள வாசலில் கொண்டுபோவார்களா, அதுவும் செத்தவர்கள் அலைகிற இந்தப் பதினைந்து நாளில்? மேற்கு வாசலால் சுற்றிப் போகலாமாம்.

"சம்பந்தி, அந்த வாசல் மேல நாலு கல் முகமும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கு? பேய் எங்க இருக்கு?" என்றேன்.

"உங்களப் பாத்து ஓடியிருக்கும். என் பேரப்புள்ளைக்கு அந்தத் தெம்பு இல்ல."

விராக் தட்டைப் பார்த்தே தின்றான்.

செப்டம்பர் 17
விடாத மழை. மேற்குப் பாதை எப்படி என்று விராக்கைக் கேட்டேன். தினமும் டுக்டுக் வண்டியில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக் கோட்டையைச் சுற்றுகிறவன். "பாத்துக்கலாம் பாட்டி" என்றான். அப்படியென்றால்? நன்றாக இருக்கிறது என்றா, இல்லை என்றா?

செப்டம்பர் 19
குந்தியாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. தூக்கமில்லை — எனக்கும்.

செப்டம்பர் 22
விடியும்போது வலி. நால்வரும் டுக்டுக்கில். கோட்டை நடுவே, கல் முகங்கள் உள்ள கோயிலிடம் பாதை பிரிகிறது. நான் கிழக்கே கை காட்டினேன், சாவோன் மேற்கே. விராக் மேற்கே திருப்பினான்.

மேற்கு வாசல் தாண்டியதும் சக்கரம் சேற்றில் — தள்ளினேன், சாவோனும் தள்ளினாள், கைலி முழுக்கச் சேறு, அசையவே இல்லை. "பாட்டி, புள்ள துடிக்கல" என்றாள் குந்தியா. அந்தக் குரல் — என்னால எழுத முடியல.

செப்டம்பர் 25
குந்தியா வீடு வந்தாள். வெறுங்கையோடு.

சாவோன் படியில் உட்கார்ந்து அழுதாள். திட்ட வாயெடுத்தேன். உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 28
பதினைந்து நாளில் கடைசி நாள். விகாரையில் செத்தவர்களுக்குச் சோற்று உருண்டை பிடித்தோம். என் புருஷனுக்கு ஒன்று, குந்தியாவைப் பெற்ற என் மகளுக்கு ஒன்று. சாவோன் இன்னொன்று, சின்னதாகப் பிடித்து என் கையில் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது குந்தியா சொன்னாள்: "மேற்கே தண்ணி நிக்குதுன்னு அவருக்கு மொதல்லயே தெரியும் பாட்டி. அவங்க அம்மா மனசு கோணுமேன்னு சொல்லலையாம்."

சாவோன் பயத்தில் செய்தாள். அவளை மன்னிப்பேன், இந்த வருடம் இல்லாவிட்டாலும். தெரிந்தே வண்டியைத் திருப்பினவனை மாட்டேன். விராக்கை மாட்டேன்.