தரான் ஸ்டூடியோ படம்

சம்ஜனாவின் அம்மாவுக்கு,

நேற்று என் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. நாங்கள் செய்யும் ரப்பர் கையுறைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, இங்கே யாரையாவது பிடித்து வைத்து வேலை வாங்குகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பியிருந்தது. அதனால் சூப்பர்வைசர் காலையிலேயே ஆபீஸ் பீரோவைத் திறந்து எல்லாருடையதையும் எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே, நம் தரான் டவுன் ஸ்டூடியோவில் எடுத்த அதே படம். தசைன் பண்டிகைத் திலகத்தை ஷால் முனையால் துடைத்துவிட்டாயே, நெற்றி ஓரத்தில் சிவப்பு இன்னும் இருக்கிறது. "அசையாம நில்லுங்க, மலேசியா எங்கயும் ஓடிடாது" என்று நீ அதட்டியதும் காதில் கேட்டது.

"என்ன அண்ணே, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற!" என்றான் பக்கத்துக் கட்டில் குமான்.

சோதனைக்கு வந்தவர் என்னிடம் கேட்டார். "பாஸ்போர்ட் உங்ககிட்டதானே இருக்கு?"

அவர் பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"இன்னிக்கு இருக்கு சார்."

"ரொம்ப நல்லது" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். அடுத்த சோதனை வரும் தசைனுக்காம். அந்தச் சிவப்பை அப்போது மறுபடி பார்ப்பேன்.

சம்ஜனாவின் அப்பா