ஹோலுக்கு அடித்த நீலம்

ஜனவரி 16, வியாழன்

காலையில் ஒரே பனி. ஹந்தானைப் பக்கம் மலையே காணவில்லை. பத்து மணிக்குப் பிறகுதான் வெயில். பொங்கல் பானை இன்னும் கழுவவில்லை, அடிப்பிடித்துக் கிடக்கிறது. நான் வேலை செய்யும் துணிக்கடை இன்றும் லீவு.

நாத்தனார் போன். (இந்த டயரிக் கொப்பியில் இனி நா. மட்டும்தான். நேரில் 'அண்ணி வாங்க, அண்ணி போங்க'. இங்கே அவள், இவள்.)

விஷயம் இதுதான். அவள் மகள் திவ்யாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு திகனப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா ரிட்டயரான டீச்சர், முழங்கால் வருத்தம், நா. இருக்கும் வத்தளை வரைக்கும் வர ஏலாது. ஆகவே பெண் பார்ப்பது தாய்மாமன் வீட்டில். அதாவது எங்கள் வீட்டில். அடுத்த வாரம் ஞாயிறு, 26.

தாய்மாமன் வீட்டில் பார்ப்பதுதான் மரியாதையாம். இந்த மரியாதை தீபாவளிக்கு எங்கே போயிருந்தது?

தீபாவளி நடப்பு, மறந்துவிடாமல் இருக்க: வந்தாள். ஹோலில், அதுதான் முன்னறையில், சோபாச் செட்டியைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து பேப்பர் எடுத்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். அடுத்த வீட்டு மெனிக்கே அக்கா பலகாரத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பேச்சு: "டவுனுக்கு வந்து இத்தன வருஷமாச்சு சாந்தி, ஒன் ஹோல் இன்னும் லயத்து இஸ்தோப்பு மாதிரியே கெடக்கு." இஸ்தோப்பு! விறகும் கோழியும் ஒதுங்குகிற வாசல் இடம். மெனிக்கே அக்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தப் பேப்பர் புரிந்தது.

இதில் பெரிய வேடிக்கை, அவள் பிறந்ததும் லயம்தான், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு. ஹந்தானையில் நான் பிறந்த அதே லயம். இவர், என் வீட்டுக்காரர், அவளுடைய தம்பி. வத்தளை ஹார்ட்வெயார் முதலாளியைக் கட்டிய அன்றோடு அவளுக்குத் தோட்டம் மறந்துபோயிற்று.

இன்று போனில் கடைசியாகச் சொன்னது: "ஹோல கொஞ்சம் மனுசர் உக்கார்ற மாதிரி ஆக்கி வை. இன்னொன்னு. தோட்டம், லயம்னு ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. அப்பா தோட்டத்து ஆபீஸ்ல கிளார்க்கர்னு சொல்லியிருக்கு."

மாமா கிளார்க்கராம். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்துச் சாகும் வரை விரல் நிமிராத மனிதர்.

ஆக்கி வைக்கிறேன். வாசலில் வாயடைத்து நிற்கிற மாதிரி ஆக்கி வைக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

கடைக்குப் போகுமுன் ஹோலை அவள் கண்ணால் ஒரு தரம் பார்த்தேன். நெஞ்சு எரிந்தது.

செட்டி: இவர் உட்காரும் இடம் கிணறு. டீவிக்குப் பின்சுவர்: ஈரம் ஏறிப் பூஞ்சணம், அதை மறைக்கப் பழைய கலண்டர். கர்ட்டன்: ஒரு காலத்தில் பச்சை. பிளாஸ்டிக் பூ: இன்றே குப்பைக்கு. கையில் இருப்பது சீட்டுக் காசில் மிச்சம். அதற்குப் புதுச் செட்டியின் கைப்பிடிகூட வராது.

இவர் பல்லேகல ஃபெக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். "அக்கா அப்படித்தான்னு தெரியாதா. விடு புள்ள." எதையும் விடுவதில் இவர் மன்னர். நான் விடமாட்டேன். பேப்பர் விரித்தது என் வீட்டுச் செட்டியில்.

ஜனவரி 18, சனி

கடையில் கூட்டம். மத்தியானம் முதலாளியிடம் கேட்டேன், கர்ட்டன் துணி ரோல் முடிந்த துண்டுகள் கிடக்கின்றனவே, கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று. ஹாஜியார் கையை வீசினார். "எல்லாத்தையும் கொண்டு போங்க புள்ள. ஸ்டோர்ல கெடந்து எலி திங்குது."

சாம்பல் கலர் துண்டு ஐந்து, மஞ்சள் மூன்று. ஒரு ஜன்னலுக்கும் எதுவும் முழுதாகப் போதாது. சாம்பலுக்கு அடியில் மஞ்சளை அகலப் பட்டையாக வைத்து ஒட்டுப்போட்டால் டிசைன் மாதிரித் தெரியும். செட்டி உறைக்கும் அதே ஜோடி.

தையல் மெஷினில் உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டே தைத்தேன். தையல் நேராக வந்திருக்கிறது. சாதாரண நாளில் எனக்கு இவ்வளவு நேராக வராது.

ஜனவரி 20, திங்கள்

கடைக்கு அரை நாள். இவர் செட்டியைப் பிரித்து அடியில் பலகை வைத்தார். பள்ளத்துக்குள் வெட்டுத் துணியெல்லாம் அடைத்தேன். இப்போது உட்கார்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கலாம். டீவி மேசைக் கீறலுக்குக் கோப்பித் தூளும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்த்தேன். கீறல் போன இடம் தெரியவில்லை. கோப்பி வாசம்தான் இன்னும் போகவில்லை.

மெனிக்கே அக்கா எட்டிப் பார்த்தார். "ஹரி லஸ்ஸனய்!" அழகாம். அவருடைய அந்தூரியம் தொட்டி ஒன்றைத் தூக்கிவந்து மூலையில் வைத்துவிட்டுப் போனார். நான் கேட்கவே இல்லை. தீபாவளிப் பேப்பர் அவருக்கும் சுட்டிருக்கிறது.

என் திட்டத்தை இன்னும் எழுதவில்லை. ஞாயிறு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுக்கும்போது, சிரித்த முகத்தோடு, "அண்ணி லயத்துல இருந்தப்பவே சீனி கம்மியாத்தான் குடிப்பாங்க" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாக வருகிறது.

பின்னேரம் திவ்யா போன். "அத்தை, எனக்கு அவர ரொம்பப் புடிச்சிருக்கு. அம்மா அன்னிக்கு எதாச்சும் சொன்னா மனசுல வச்சுக்காதீங்க. எனக்காக." என்னை எப்படித் தெரிந்து வைத்திருக்கிறாள் பாருங்கள்.

அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாது. சரி. அவளுக்காக வாயைக் கட்டுகிறேன். ஹோலைப் பார்த்தே நா. வேகட்டும்.

ஜனவரி 22, புதன்

லீவு போட்டேன். வெள்ளையடிப்பு.

பூஞ்சணத்தைப் பிளீச்சிங் தூள் போட்டுக் கழுவியாயிற்று. இவருடைய ஃபெக்டரி நண்பர் வீடு கட்டி மிச்சமான வெள்ளைப் பெயிண்ட் அரை வாளி, சும்மா கிடைத்தது. திறந்தால் பழுப்படித்திருக்கிறது. டீவிச் சுவர் ஒன்றுக்குத்தான் காணும், மற்றதுக்குப் போதாது.

லயத்தில் சுண்ணாம்பு அடிக்கும்போது துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலப்போம். அப்போதுதான் வெள்ளை பளிச்சென்று நிற்கும். அதே யோசனையில் இந்தப் பெயிண்டிலும் போட்டேன். கொஞ்சம் போட்டேன், பழுப்பு போகவில்லை. இன்னும் கொஞ்சம். கடைசியில் பொட்டலம் முழுவதும். ஈரத்தில் பார்க்க நல்ல வெள்ளை. கை வலி, கழுத்து வலி. இருந்தாலும் திருப்தி.

ஜனவரி 23, வியாழன்

நீலம்.

காய்ந்ததும் சுவர் முழுக்க நீலம். அங்கங்கே தூள் கரையாத இடத்தில் திட்டுத் திட்டாகக் கடும் நீலம். பெயிண்ட் வேறு, சுண்ணாம்பு வேறு என்று இந்த மண்டைக்கு ஏன் உறைக்கவில்லை? லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பரா அறையின் சுவர் அப்படியே எழுந்து வந்து என் ஹோலில் நிற்கிறது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் சொன்னதை நானே என் கையால் உண்மையாக்கிவிட்டேன்.

இவர் வந்து காலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று பார்த்தார். "நம்ம காம்பரா மாதிரியே இருக்கு புள்ள," என்றார். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரயில ஒரு சின்ன வாளி வெள்ள கொண்டாரேன்."

தலையாட்டப் போனேன். அப்போதுதான் தோன்றியது. மற்றவர்களுக்கு இது ஏதோ ஒரு நீலச் சுவர். இது எந்தச் சுவர் என்று அவளுக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. கிளார்க்கர் மகள் இந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொல்லட்டும், பார்க்கலாம்.

"வேணாம்," என்றேன்.

"காசு இல்லியா?"

"காசு இருக்கு. வேணாம்."

ஜனவரி 25, சனி

தரைக்குச் சிவப்புப் பொலிஷ். தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிறது. நா. நாளைக்கு அந்த கிரீம் கலர் பட்டுத்தான் உடுத்துவாள், எனக்குத் தெரியும். அவள் உட்காரப் போகும் செட்டிக்கு முன்னால் தரையில் பொலிஷைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். பாவம்தான். பரவாயில்லை.

கேசரிக்கு முந்திரி வாங்க மறந்தாயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு

எல்லோரும் போய்விட்டார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. பாத்திரம் கழுவி முடித்ததும் எழுதுகிறேன்.

நா. திவ்யாவையும் கூட்டிக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டாள், கிரீம் கலர் பட்டோடு. வாசலில் நின்றாள். கர்ட்டனைப் பார்க்கவில்லை, செட்டியைப் பார்க்கவில்லை, அந்தூரியத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"ஒனக்கு வேற கலரே கெடைக்கலியா?"

"கையில இருந்தத அடிச்சேன் அண்ணி."

தம்பியைக் கூப்பிட்டு அந்தச் சுவரில் ஒரு சேலையைத் தொங்கவிடச் சொன்னாள். இவர் ஆணி தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். அதற்குள் வேன் வந்துவிட்டது.

டீச்சர் கைத்தடி ஊன்றி வந்தார், கூட மாப்பிள்ளை. நல்ல பிள்ளை, உண்மையிலேயே நன்றாகச் சிரிக்கிறான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் மட்டும் உட்காரவில்லை. நேரே சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்தார்.

"இது யாரு அடிச்சது?"

நா. முந்திக்கொண்டாள். "சாந்திதாங்க. அவ தோட்டத்துப் புள்ள, லயத்துலயே வளந்தது. டவுனுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகல. எங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. எங்க அப்பா ஆபீஸ் கிளார்க்கர்." ஒரு சிரிப்பு வேறு.

என் கையில் தேத்தண்ணித் தட்டு. திவ்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் வாயைக் கட்டியிருந்தேன், கடவுளுக்குத் தெரியும். ஆனால் என் வீட்டில், நான் உறை தைத்த செட்டியில் உட்கார்ந்துகொண்டு! தட்டை மேசையில் வைத்தேன்.

"அண்ணியும் நானும் ஒரே லயந்தாங்க. அண்ணி அஞ்சாவது காம்பரா, நான் எட்டாவது. பொங்கலுக்கு நீலம் கரைக்கிறது அண்ணிதான். என்னைய விட நல்லா கரைப்பாங்க. கட்டி தட்டாது."



டீச்சர் நா.வைப் பார்த்தார். "அப்பா என்னா வேல?"

வாசலிலிருந்து இவர் சொன்னார், எதையும் விட்டுவிடுகிற இவர்: "கவ்வாத்துங்க. கடைசி வரைக்கும் கவ்வாத்துதான்."

முடிந்தது என்று நினைத்தேன். பாதி மனம் குளிர்ந்தது. மறு பாதி திவ்யாவைப் பார்த்துச் செத்தது.

டீச்சர் மெதுவாக உட்கார்ந்தார். "எங்க லயம் இப்ப தண்ணிக்குள்ள கெடக்கு. தெல்தெனியவுக்கு அங்கிட்டு கொக்கோத் தோட்டம். டேம் கட்டயில எல்லாம் போச்சு. இந்த நீலத்த அதுக்கப்புறம் நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

இதற்கு நான் தயாராக இல்லை. கவிழ்க்கப் போய்க் கரை சேர்த்துவிட்டேன். நா.வுக்கு ஒரு நிமிஷத்தில் உயிர் வந்துவிட்டது. "ஆமாங்க, அந்தக் காலத்துல நாங்களும் அந்த லயத்துல..." என்று ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது! அஞ்சாவது காம்பராவின் கதவு, அடுப்பு, புகைக்கூடு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு. தேத்தண்ணியை அந்தப் பட்டுச் சேலையில் கவிழ்க்கலாமா என்று யோசித்தேன்.

டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. நீங்க லயத்துல பொறந்தது எனக்குப் பெரிசில்ல. அதுக்காக வீட்டுக்காரிய எங்க முன்னுக்கே எறக்கிப் பேசினீங்க பாருங்க, அதுதான் சங்கடமா இருக்கு. இனி நாள் பாக்குறது, பேச்சு வார்த்த எதுன்னாலும் நான் சாந்திகிட்ட பேசிக்கிறேன்."

நா. முகம். ஐயோ, அந்த முகம். அதைப் பிரேம் போட்டு மாட்டலாம்.

பிறகு நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தாள். "வேணும்னுதான அடிச்ச?"

"இல்ல அண்ணி. அடிச்சது தவறித்தான். வேணும்னுதான் அப்படியே விட்டேன்."

விருட்டென்று திரும்பிப் போனாள். சேலைக் கரை பின்பக்கம் முழுவதும் சிவப்பு. நான் சொல்லவில்லை. வத்தளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

திவ்யா போகும்போது கட்டிப்பிடித்தாள். "அத்தை, இனிமே யார்கிட்டயும் தாத்தா கிளார்க்கர்னு சொல்லத் தேவையில்ல." அதற்குத்தான் கொஞ்சம் அழுதேன்.

ஜனவரி 28, செவ்வாய்

தூறல். குடை மடங்க மாட்டேன் என்கிறது.

டீச்சர் நேற்றே போன் போட்டார். நிச்சயதார்த்தம் மாசியில், இந்த ஹோலிலேயே. நா. வத்தளையில் பெரிய ஹோட்டல் பேசி வைத்திருந்தாளாம். இன்று மத்தியானம் கடையில் இருக்கும்போது அவள் போன்.

"சாந்தி, நிச்சயத்துக்கு ரெண்டு பக்கத்து ஆளும் வருவாங்க. நான் ஆள் அனுப்புறேன், அந்தச் செவுத்துக்கு வெள்ள அடிச்சுரு. செலவு பூரா நான் தாரேன். புதுச் செட்டியும் எடுத்துத் தாரேன்."

"வேணாம் அண்ணி. டீச்சர் மொதல்ல கேட்டதே, செவுரு அப்படியே இருக்குல்லன்னுதான்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தரமாக, "சாந்திம்மா, கொஞ்சம் பாத்துச் செய்ம்மா."

பாத்துத்தான் செய்யப் போகிறேன். கடையிலிருந்து வரும் வழியில் நீலம் மூன்று பொட்டலம் வாங்கியாயிற்று. சுவர் இன்னும் மூன்று பாக்கி.